பிரஷ் கருவிக்கு வந்த கோட் மாற்றத்தை ரிவியூ செய்ய நான் தகுதியா? எங்கே தொடங்குவது?

நீங்கள் படம் கீறுகிறவர், சி++ நிரல்மொழி ஓரளவுதான் தெரியும். பாவிக்கிற திறமூல (கோட் எல்லோருக்கும் திறந்திருக்கிற) அனிமேஷன் மென்பொருளில் கை நடுக்கம் கோட்டில் தெரியாமல் இருக்க ஒருவர் பிரஷுக்கு ஸ்டெபிலைசர் எழுதி அனுப்பியிருக்கிறார், அதைப் பார்த்துச் சொல்லும்படி உங்களைக் கேட்டிருக்கிறார்கள். இதுதானே கேள்வி? தகுதி தாராளமாக இருக்கிறது. கோட் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தத் திட்டத்தில் ஏற்கனவே இருப்பார்கள். நாள் முழுக்க அந்தப் பிரஷோடு கிடக்கிற ஆள்தான் கிடைப்பதில்லை.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு தனிப் படத்தில் கண்ணுக்கே தெரியாத பிழை அனிமேஷனில் துடித்துக்கொண்டு நிற்கும். செக்கனுக்கு 24 ஃபிரேம், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் பிடித்து வைக்கிறீர்கள் என்றாலும் ஒரு நிமிடத்துக்கு 720 படம். ஒவ்வொன்றிலும் கோட்டின் நுனி கொஞ்சம் தடித்தோ குறைந்தோ வந்தால் ஓடவிடும்போது அந்த இடம் மட்டும் மினுங்கும். மாற்றத்தை எழுதியவர் மவுஸால் நாலு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பியிருப்பார். அது அவர் பிழையும் இல்லை, அவர் எழுதுகிறவர், நீங்கள்தான் கீறுகிறவர்.

நான் மட்டக்களப்பு கல்லடியில் இருந்து இந்த ரிவியூ வேலையைச் செய்கிறேன், கூத்தை அனிமேஷனாகக் கீறுவதுதான் என் சொந்த வேலை. வடமோடி என்ற கூத்து வகையில் ஆடுகிறவர் சுழலும்போது கரப்புடுப்பின் (இடுப்பில் இருந்து விரிந்து நிற்கும் ஆட்ட உடுப்பின்) விளிம்பு ஒரே இழுப்பில் வர வேண்டும், நிறுத்தி நிறுத்திக் கீறினால் சுழற்சி செத்துப்போகும். அதனால் பிரஷ் மாற்றம் எது வந்தாலும் சோர்ஸ் கோடைத் திறக்க முதல் அந்த விளிம்பைத்தான் கீறுவேன். உங்களுக்கும் கை பழகிய ஒரு இழுப்பு இருக்கும், அதையே எடுங்கள். பழைய பதிப்பில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புதிய பதிப்பு எப்படிக் கிடைக்கும் என்று யோசிப்பீர்கள். கோடைப் பகிர்கிற தளமான கிட்ஹப்பில் உள்ள பல திட்டங்களில் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் (இப்படி அனுப்பப்படுகிற மாற்றத்துக்கும்) தானாகவே பில்ட் ஓடும், அதாவது கோட் ஓடக்கூடிய மென்பொருளாக மாறும், முடிந்ததும் ‘ஆர்டிஃபாக்ட்’ என்ற பெயரில் ஸிப் கிடக்கும், லாகின் செய்து இறக்கினால் போதும். அது இல்லாவிட்டால்தான் நீங்களே கம்பைல் செய்ய வேண்டும். 4 ஜிபி ராம் உள்ள பழைய லப்டொப் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு கம்பைல் வேலைக்கு மேல் ஓடவிடாதீர்கள், மெமரி நிரம்பி எல்லாம் உறைந்துவிடும். டேட்டா குறைவு என்றால் கோடின் பழைய மாற்றங்களின் முழு வரலாற்றையும் இழுக்காமல் ஆழம் குறைத்து குளோன் (பிரதி) எடுக்கலாம். பழைய லப்டொப்பை ஒரு குறையாக நினைக்கவும் வேண்டாம். பிரஷ் கையைவிடப் பின்தங்குகிறதா என்பது அதில்தான் முதலில் தெரியும்.

சரி, ஸ்டெபிலைசருக்கு வருவோம். பெரும்பாலும் இதில் நடப்பது ஒன்றுதான்: பேனா போன கடைசிச் சில புள்ளிகளின் சராசரியை எடுத்து அங்கே கோட்டைப் போடுவது. சராசரி என்பதால் கோடு எப்போதும் பேனாவுக்குக் கொஞ்சம் பின்னாலேயே வரும். அப்படியென்றால் பேனாவைத் தூக்கும் நொடியில் கோடு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. மிச்சத் தூரத்தைக் கீறி முடிக்க வேண்டும் என்பதை எழுதியவர் மறந்திருந்தால், வேகமாக இழுத்து அப்படியே தூக்கும்போது நுனி காணாமல் போகும். என் கரப்புடுப்பு விளிம்பு மூடாமல் வாய் பிளந்து நிற்கும், பிறகு பக்கெட்டால் நிறம் ஊற்றினால் அந்த இடைவெளியால் வழிந்து பின்னணி முழுக்க நிரம்பும். ஆறுதலாகக் கீறினால் இந்தப் பிழை வரவே வராது, ஏனென்றால் மெதுவாகப் போகும்போது சராசரியும் பேனாவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கும். அதனால் கெதியாக இழுத்துத் தூக்குங்கள், பல தடவை, பல திசையில். கூர்மையான மூலைகளையும் கீறுங்கள், சராசரி மூலையை வெட்டி வளைத்துவிடும், அது எவ்வளவு என்று நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இன்னொரு நுட்பமான விஷயம், இது கோடைப் படித்தால் உடனே பிடிபடும். சராசரிக்கு எத்தனை புள்ளி என்று ஒரு எண் இருக்கும், 8 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண யூஎஸ்பி மவுஸ் செக்கனுக்கு 125 தடவை தன் இடத்தைச் சொல்லும், செக்கனுக்கு 200 தடவை சொல்கிற டப்லெட்டும் (பேனாவால் கீறுகிற பலகையும்) இருக்கிறது. மவுஸில் எட்டுப் புள்ளி என்றால் 64 மில்லிசெக்கன், அந்த டப்லெட்டில் 40. ஒரே செட்டிங், ஆனால் இரண்டு கருவியில் இரண்டு விதமான கை. எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்தையோ தூரத்தையோ வைத்துக் கணக்குப் போட முடியாதா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கப் பெரிய சி++ அறிவு தேவையில்லை.

கோடைப் படிக்கும்போது எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ளப் பார்க்காதீர்கள். பேனா படுவது, நகர்வது, விடுவது என்று மூன்று இடம் இருக்கும், அதை மட்டும் வடிவாகப் பாருங்கள். படும்போது பழைய புள்ளிகளின் பட்டியல் அழிக்கப்படுகிறதா? அழிக்காவிட்டால் போன கோட்டின் முடிவில் இருந்து புதிய கோட்டுக்கு ஒரு வால் இழுபடும். புள்ளிகளை முழு எண்ணாக மாற்றுகிறார்களா? மாற்றினால் டப்லெட் தருகிற தசம நுணுக்கம் போய், மெதுவாகக் கீறும் கோடு படிக்கட்டாக வரும். பேனாவின் அழுத்தம் க்யூட்டியில் (சி++ மென்பொருள்கள் பல பாவிக்கிற நிரல் தொகுப்பு அது) 0 முதல் 1 வரை வரும், மவுஸுக்கு அழுத்தமே கிடையாது, அப்போது என்ன மதிப்புக் கொடுக்கிறார்கள்? 0 ஆக விட்டால் மவுஸ்காரருக்குக் கோடே விழாது. டப்லெட் நிகழ்வை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லாமல் விட்டால் க்யூட்டி அதையே மவுஸ் நிகழ்வாகவும் ஒருமுறை அனுப்பும், ஒரு கோடு இரண்டு தடவை விழும். மை அரைவாசி தெரிகிற பிரஷில் கீறினால் வழமையைவிடக் கருத்து விழுவதை வைத்து இதைப் பிடிக்கலாம்.

மற்றதெல்லாம் வேகமாகப் பார்க்கக்கூடியவை. ஒரு கோட்டுக்கு ஒரு அண்டூதான் வர வேண்டும். சூம் செய்தும் கன்வாஸைத் திருப்பியும் கீறிப் பாருங்கள். முன்பின் ஃபிரேம்களை மங்கலாகக் காட்டுகிற ஒனியன் ஸ்கின் போட்டுப் பாருங்கள். கோடு பாதியில் இருக்கும்போதே கீபோர்டில் அடுத்த ஃபிரேமுக்குப் போங்கள், மென்பொருள் விழுந்துவிடுகிற இடம் பெரும்பாலும் அதுதான். பழைய கோப்பு ஒன்றையும் திறந்து பாருங்கள்.

ஸ்டெபிலைசர் வேறு மென்பொருள்களிலும் இருப்பதால் உரிமத்தையும் கவனியுங்கள். படம் கீறும் மென்பொருளான கிரிட்டாவின் உரிமம் ஜிபிஎல், அதன் கோடைச் சேர்த்து வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். 2016இல் திறமூலமாக வந்த அனிமேஷன் மென்பொருளான ஓப்பன்டூன்ஸின் உரிமம் பிஎஸ்டி, அதில் அந்தக் கட்டாயம் இல்லை. கிரிட்டாவின் கோடை அப்படியே ஓப்பன்டூன்ஸுக்குள் ஒட்ட முடியாது, யோசனையை எடுத்துத் தாங்களாக எழுதலாம். எங்கிருந்தோ எடுத்தது போல ஒரு பகுதி தெரிந்தால், இது எங்கிருந்து வந்தது என்று மரியாதையாகக் கேட்டால் போதும்.

கருத்தை எழுதும் விதத்தில் மட்டும் கொஞ்சம் நேரம் எடுங்கள். ‘கோடு சரியில்லை’ என்றால் எழுதியவருக்கு ஒன்றும் விளங்காது. நான் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: “பிரஷ் அளவு 12, ஸ்டெபிலைசர் அதிகம், சூம் 100%. இடமிருந்து வலமாக வேகமாக அரைவட்டம் இழுத்து, கை நிற்காமலே பேனாவைத் தூக்கினேன். பழைய பதிப்பில் கோடு பேனா தூக்கிய இடம் வரை வந்தது, இதில் முன்னமே நின்றுவிடுகிறது. விடுகிற இடத்தில் மிச்சப் புள்ளிகளைக் கீறாமல் பட்டியலை அழிப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.” கூடவே ஒரு சின்னத் திரைப்பதிவு. ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் இப்படிக் குட்டி வசனங்களில் எழுதலாம், ஒருவரும் இலக்கணம் பார்ப்பதில்லை. நல்லது எது என்றும் எழுதுங்கள். மெதுவான நீண்ட கோடு முன்பைவிட அழகாக வருகிறது என்றால் அதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள், இரவிருந்து சம்பளம் இல்லாமல் எழுதிய மனிதர் அவர்.

ஒரே மாற்றத்துக்குள் ஸ்டெபிலைசரும் பெயர் மாற்றங்களும் இடைவெளி திருத்தங்களும் கலந்து கிடந்தால், தனித்தனியாகப் பிரித்துத் தரும்படி கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. எல்லாம் திருப்தி என்றால் ஒப்புதல் கொடுங்கள், ஆனால் எதில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: எந்த டப்லெட், விண்டோஸா லினக்ஸா, பிட்மேப் லேயரா வெக்டர் லேயரா, கோடில் எந்தப் பகுதியைப் படிக்கவில்லை என்று. திட்டத்தைப் பராமரிப்பவர் அதைப் பார்த்துத்தான் மேக் வைத்திருக்கும் இன்னொருவரையும் கூப்பிட வேண்டுமா, மிச்சக் கோடை யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுப்பார்.