களிமண் குழாய்த் துண்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆர்க்டிக் கடலில் நார்வேயின் ஆட்சிக்குள் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளைப் பற்றி நீங்கள் எழுதிய பயணக் குறிப்பைப் படித்தேன். பனியாறுகளும் பறவைகளும் வரும் பகுதிகள் பிடித்திருந்தன. ஆனால் 1946க்கு முன்னால் மனிதர்கள் அங்கே விட்டுப்போன எல்லாமே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் தடுக்கி நின்றுவிட்டேன். துருப்பிடித்த தகரம், உளுத்த பலகை, திமிங்கல எலும்பு, இதெல்லாம் தொல்பொருளா? நான் கட்டடத் தொழிலில் இருப்பவன். வேலை முடிந்த சைட்டில் கிடப்பதைக் குப்பை என்றுதான் சொல்வோம். பூர்வகுடிகளே இல்லாத தீவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் யாருக்காக இந்தப் பாதுகாப்பு? முக்கியமானதை எடுத்து மியூசியத்தில் வைத்துவிட்டு மற்றதைச் சுத்தம் செய்துவிடலாமே?

இன்னொன்று. என் மைத்துனர் சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கம் கப்பல் சுற்றுலா போய்வந்தார். கரையில் கிடந்த வெள்ளைக் களிமண் குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. இப்போது என் மேசையில் இருக்கிறது. இதை எடுத்ததும் குற்றமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கரையிலிருந்து எடுத்திருந்தால், ஆம், குற்றம்தான். உங்கள் மைத்துனர் தெரிந்து செய்திருக்க மாட்டார். ஆனால் உங்கள் மேசையில் இருப்பது அநேகமாக 17ஆம் நூற்றாண்டில் ஏதோ ஒரு டச்சுத் திமிங்கல வேட்டைக்காரர் புகை பிடித்த குழாயின் தண்டு. அதை ஏன் அங்கேயே விட்டிருக்க வேண்டும் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

ஸ்வால்பார்டின் வடமேற்கு மூலையில் ஆம்ஸ்டர்டாம் தீவு இருக்கிறது. அதன் தென்கிழக்குக் கரையில் தட்டையான ஒரு மணல்முனை. பெயர் ஸ்மீரன்பர்க், கொழுப்பு நகரம் என்று பொருள். 1619 வாக்கில் டச்சுக்காரர்கள் அங்கே கொட்டகை போட்டு, பெரிய செம்புக் கொப்பரைகளில் திமிங்கலக் கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுத்தார்கள். அந்த எண்ணெய் ஐரோப்பாவில் விளக்குக்கும் சோப்புக்கும் போனது. ஒரு தலைமுறைக் காலம் நடந்தது அந்தத் தொழில். 1660 வாக்கில் இடமே காலியாகிவிட்டது.

பிறகு கதைகள் கிளம்பின. ஸ்மீரன்பர்க்கில் கோடைக்குக் கோடை பல்லாயிரம் பேர் கூடினார்கள், கடைத்தெரு இருந்தது, ரொட்டிக்கடை இருந்தது, தேவாலயம் இருந்தது என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுதினார். 1979 தொடங்கி 1981 வரை, நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து லவ்ரென்ஸ் ஹாக்கபோர்ட் தலைமையில் வந்தவர்கள் அங்கே அகழாய்வு செய்தார்கள். அடுப்புகளை எண்ணினார்கள், கட்டடங்களின் அடித்தளத்தை அளந்தார்கள், குப்பைக்குழிகளைச் சலித்தார்கள். மிஞ்சிப்போனால் இருநூறு பேர் இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. பதினாறு பதினேழு கட்டடங்கள். அவ்வளவுதான்.

நகரம் என்ற கற்பனையைக் கலைத்தது நீங்கள் குப்பை என்று சொல்கிற அதே சங்கதிகள்தான். யாராவது ஒரு நல்ல மனிதர் 1900இல் அந்தக் கரையைக் கூட்டிப் பெருக்கியிருந்தால், நாம் இன்றும் பல்லாயிரம் பேர் கதையையே சொல்லிக்கொண்டிருப்போம்.

அந்த அடுப்புகளை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும், உங்கள் தொழிலுக்கு நெருக்கமானவை. கொப்பரையிலிருந்து வழிந்த எண்ணெய் மணலோடும் சரளையோடும் கலந்து காங்கிரீட்டைப் போல இறுகிவிட்டது. செங்கல் போய்விட்டது, கொப்பரை போய்விட்டது. கொப்பரையைச் சுற்றி இறுகிய அந்தக் கறுப்பு வளையம் மட்டும் நானூறு வருடமாகக் கரையில் அப்படியே கிடக்கிறது. நான் போன அன்று வளையங்களுக்குக் கொஞ்சம் தள்ளி வால்ரஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. எங்களை அழைத்துப்போனவர் தோளில் துப்பாக்கியோடு தூரத்திலேயே நிறுத்திவிட்டார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் செய்தது சரி.

பூர்வகுடிகள் இல்லையே, யாருக்காக என்று கேட்கிறீர்கள். இது நியாயமான கேள்வி, ஆனால் நான் இதை அப்படியே திருப்பிப் பார்க்கிறேன். ஊர் என்று ஒன்று இருந்தால் பாட்டி சொல்வாள், கோயில் கல்வெட்டு சொல்லும், பெயர் சொல்லும். ஸ்வால்பார்டுக்கு வந்தவர்கள் எல்லாருமே வந்துபோனவர்கள். டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், வெள்ளைக்கடல் பக்கத்திலிருந்து வந்த ரஷ்யப் போமோர் வேட்டைக்காரர்கள், நார்வே நாட்டுப் பொறிவேட்டைக்காரர்கள், நிலக்கரி எடுக்க வந்தவர்கள். இவர்களை நினைவு வைத்துக்கொள்ள அங்கே பேரன் பேத்தி கிடையாது. மண் மட்டும்தான் நினைவு வைத்திருக்கிறது. அதனால்தான் 2001இல் நார்வே கொண்டுவந்த சட்டம் அவ்வளவு கறாராக இருக்கிறது. 1945 வரையிலான தடயம் எதுவானாலும், யாரும் தனியாக அறிவிக்காமலே, தானாகப் பாதுகாப்புக்குள் வந்துவிடும். சுற்றிலும் 100 மீட்டருக்குக் கூடாரம் போடக்கூடாது, தீ மூட்டக்கூடாது.

அது ஏன் 1945 என்று பலரும் கேட்பதுண்டு. போர் முடிந்த வருடம். 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் அங்கிருந்த நிலக்கரிக் குடியிருப்புகளான லாங்யியர்பியனையும் பாரன்ட்ஸ்பர்க்கையும் சுட்டு எரித்தன. அதனால் போருக்கு முந்தைய கட்டடங்கள் அங்கே குறைவு. இன்னொரு விஷயம், இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஹவுடெகன் என்ற ஜெர்மானிய வானிலை நிலையம் வடகிழக்குத் தீவில் ஒளிந்து இயங்கியது. போர் முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகும் அந்தப் பதினொரு பேரும் அங்கேயே இருந்தார்கள். கடைசியில் 1945 செப்டம்பர் 4ஆம் தேதி, சீல் வேட்டைக்கு வந்த ஒரு நார்வேக் கப்பலிடம் சரணடைந்தார்கள். அந்த நிலையத்தின் மிச்சமும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது.

சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. கல்லறைகளுக்கும், திமிங்கலத்தையும் வால்ரஸையும் வெட்டிய கரைகளில் கிடக்கும் எலும்புக்கும் வருடக்கணக்கே இல்லை, எந்தக் காலத்தவையானாலும் பாதுகாப்புதான். வான் கியூலன் ஃபியார்டில் பாம்செபு என்ற குடிசைக்குப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான வெண்திமிங்கலங்களின் எலும்பு வெள்ளைக் குவியல்களாகக் கிடக்கிறது. 1930களில் நார்வேக்காரர்கள் கொன்றவை. பார்க்க அழகான காட்சி இல்லை. தன் ஆட்கள் நடத்திய கொலையின் தடயத்தை மறைக்காமல், ஒரு எலும்பைக்கூட யாரும் நகர்த்தக்கூடாது என்று ஒரு நாடு சட்டம் போட்டிருக்கிறது. இதற்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

மியூசியத்துக்குக் கொண்டுபோகலாமே என்கிறீர்கள். சில பொருள்கள் போகத்தான் வேண்டும். 1980இல் வேட்டைக்காரர்களின் 185 கல்லறைகளை ஆராய்ந்தபோது சில எலும்புக்கூடுகளின் தலையில் பின்னல் கம்பளித் தொப்பி அப்படியே இருந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், கோடு. குளிரில் முகம்வரை போர்த்திக்கொண்டு வேலை செய்தவர்களைத் தொப்பியை வைத்துத்தான் அடையாளம் கண்டிருப்பார்கள், அதனால்தான் தொப்பியோடு புதைத்தார்கள் என்கிறார்கள். இன்று அந்தத் தொப்பிகள் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்தத் தலையில் எந்தத் தொப்பி என்று கல்லறையிலேயே பார்த்ததால்தான் இந்தக் கதை நமக்குக் கிடைத்தது. தனியாக ஒரு தொப்பி கிடைத்திருந்தால் அது பழைய கம்பளி, அவ்வளவுதான்.

விர்கோஹாம்னாவும் அப்படிப்பட்ட இடம்தான். டேன்ஸ் தீவில் இருக்கும் சின்னக் கரை. 17ஆம் நூற்றாண்டின் எண்ணெய் அடுப்பு, அதே காலத்துக் கல்லறைகள். அவற்றின் நடுவிலேயே ஆந்த்ரே என்ற சுவீடன்காரர் 1897 ஜூலை 11 அன்று இரண்டு தோழர்களோடு வடதுருவத்துக்குப் பலூனில் கிளம்பினார். மூவரும் திரும்பவில்லை. 1930இல்தான் வெண்தீவில் உடல்கள் கிடைத்தன, கூடவே படச்சுருளும். பலூனுக்கான ஹைட்ரஜனை இரும்புத்தூளில் கந்தக அமிலம் ஊற்றித் தயாரித்தார்கள். அந்த இரும்புத்தூள் இன்றும் கரையில் கிடக்கிறது. அதன்மேல் ஒருவர் நடந்தால் போதும், எங்கே நின்று என்ன செய்தார்கள் என்ற கணக்கு கலைந்துவிடும். முன்பு சுற்றுலா வந்தவர்கள் நினைவுப்பொருளாக நிறைய எடுத்துப்போய்விட்டார்கள். இப்போது ஆளுநர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் அங்கே இறங்கவே முடியாது.

எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. கடல்பனி குறைந்து அலை நேராகக் கரையில் மோதுகிறது, உறைமண் இளகுகிறது. ஒரு பொறிவேட்டைக்காரரின் ஃப்ரெட்ஹைம் என்ற வீட்டைக் கடல் தின்ன இருந்தது. 2015இல் அதைக் கரையிலிருந்து உள்ளே நகர்த்தினார்கள். வீட்டை நகர்த்தலாம், ஒரு மயானத்தை எப்படி நகர்த்துவது? அதனால் சில இடங்களை அளந்து, படமெடுத்து, பதிவு செய்துவிட்டுக் கடலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

சரி, உங்கள் மேசைக்கு வருவோம். களிமண் குழாய்கள் சீக்கிரம் உடைபவை, மலிவானவை, யாரும் பத்திரப்படுத்தியதில்லை. அதனாலேயே அவை நல்ல கடிகாரம். புகையிலை வைக்கும் கிண்ணத்தின் வடிவமும் அடியில் குத்திய முத்திரையும் இருந்தால் ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடுவார்கள். உங்களிடம் இருப்பது தண்டு மட்டும் என்றால் அதிகம் சொல்ல முடியாது. எங்கே கிடந்தது என்பதுதான் அதன் பாதி மதிப்பு.

அதனால் இன்றே மைத்துனருக்குப் போன் செய்யுங்கள். எந்தக் கப்பல், எந்த மாதம், எந்தக் கரை, தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் கறுப்பு வளையம் ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். அன்றைக்கு எடுத்த படங்கள் அவர் கைபேசியில் இன்னும் இருக்கலாம், அவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிவைத்து, துண்டின் படத்தோடு லாங்யியர்பியனில் இருக்கும் ஆளுநர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எப்படித் திருப்பி அனுப்புவது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். அதுவரை துண்டைக் கழுவாதீர்கள். துவாரத்துக்குள் மண் ஒட்டியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும்.