சில வருடம் பிடிக்காமல் விட்டால் மீன்வளம் தானாகத் திரும்பிவிடாதா?

எல்லா மீனுக்கும் அப்படி நடக்காது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீனையே பாருங்கள். 1950களிலிருந்து வெளிநாட்டு ராட்சத இழுவைக் கப்பல்கள் வந்தன. 1968ல் மட்டும் எல்லா நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து சுமார் 8 லட்சம் டன் அள்ளின. 1977ல் கனடா 200 கடல் மைல் எல்லையை அறிவித்து வெளிநாட்டுக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை வெளியே தள்ளியது. சரி, அப்புறம்? சொந்தக் கப்பல்களே அதே வேலையைச் செய்தன.

இதில் கணக்கும் ஏமாற்றியது. பெரிய கப்பல்களின் பிடிப்பு குறையாததால் கடலில் மீன் நிறைய இருப்பதாக நினைத்தார்கள். ஆனால் காட் எண்ணிக்கை சரிந்தாலும், மிச்சமிருப்பவை ஓரிடத்தில் நெருக்கமாகச் சேரும். சோனார் (ஒலியலையால் மீன் கூட்டத்தைக் கண்டறியும் கருவி) வைத்திருப்பவருக்கு அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. அதனால் பெரிய கப்பல்களுக்குக் கடைசிவரை வலை நிறைந்தே வந்தது. சிறு படகுக்காரர்கள் வலை காலியாக வருகிறது என்று கத்தியது எடுபடவில்லை.

1992 ஜூலையில் காட் பிடிக்கத் தடை வந்தபோது சுமார் 30,000 பேர் வேலையிழந்தார்கள். இரண்டு வருடத்துக்கு என்று சொன்ன தடை 2024 வரை நீண்டது. அதிக முட்டையிடும் பெரிய தாய் மீன்கள் போய்விட்டன. காட் தின்னும் கேப்லின் மீனும் குறைந்துவிட்டது. 2024ல் அனுமதித்தது வெறும் 18,000 டன். அதுவே அவசரப்பட்ட முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.