"யாருக்கு ஓட்டு?" என்று வாசலில் நின்று கேட்பவரிடம் சில கேள்விகள்

தேர்தல் சர்வேக்காகப் பல வருடம் வீடு வீடாக அலைந்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 6 கோடி வாக்காளர்கள். ஆயிரம் பேரிடம் கேட்டு என்ன தெரிந்துவிடும்? என்னிடம் யாரும் கேட்டதே இல்லை.

என்னிடமும்தான் கேட்டதில்லை! ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தால், கிடைக்கும் முடிவு உண்மையைவிட ஏறக்குறைய 3 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கும். மக்கள்தொகை 6 கோடியா 60 கோடியா என்பது பெரிதில்லை. தப்பாக எடுத்தால் எத்தனை லட்சம் பேரைக் கேட்டும் பயனில்லை. 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை அதிபர் தேர்தலுக்காக ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. திரும்பி வந்ததே 20 லட்சத்துக்கு மேல். அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் என்பவர் ஜெயிப்பார் என்றார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியலை வைத்து முகவரி பிடித்ததும், பதில் அனுப்ப மெனக்கெட்டவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததும் காலை வாரின.

குலுக்கல் முறை என்றால் நடைமுறையில் எப்படி?

முதலில் பூத்தைத் தேர்ந்தெடுப்போம். பிறகு வாக்காளர் பட்டியலில் இத்தனை பேருக்கு ஒருவர் என்று பெயர்களைக் குறித்துக்கொண்டு போவோம். போனால் அந்த ஆள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். வெயில் மண்டையைப் பிளக்கும், பக்கத்து வீட்டுக்காரர் மோர் கொடுத்து "என்னைக் கேளுங்க" என்பார். கேட்டுவிட்டால் சர்வே அங்கேயே கெட்டது. கையில் கிடைப்பவர்களையே கேட்டால் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டும்தான் கிடைக்கும்.

மக்கள் உண்மையைச் சொல்கிறார்களா?

கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை திண்ணையில் ஓர் அம்மாவிடம் கேட்டபோது, மகன் உள்ளிருந்தே "நம்ம வீட்ல எல்லாருக்கும் ஒரே சின்னம்தான் சார், எழுதிக்கங்க" என்றார். அம்மா தலையாட்டினார். நான் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். "தம்பி, இத அவன் பாப்பானா?" என்று கேட்டு, நான்காக மடித்துப் பெட்டியில் போட்டார். எந்தச் சின்னம் என்று எனக்கும் தெரியாது. அவர் அப்படிக் கேட்டதே போதும், வாயால் சொல்வதை மட்டும் எழுதிவரும் சர்வேயை நான் நம்பாததற்கு.

அப்பா கட்சிதான் பிள்ளைக்குமா?

பெரும்பாலும் தொடக்கம் அங்கேதான். 1965இல் ஜென்னிங்ஸ், நீமி என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்கப் பள்ளி இறுதி மாணவர்களையும் பெற்றோரையும் தனித்தனியே கேட்டார்கள். கட்சிப் பற்று நன்றாகவே ஒத்துப்போனது. தனித்தனிப் பிரச்சினைகளில் கருத்து அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. கொடி வீட்டிலிருந்து வருகிறது, கருத்து வெளியே சேர்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். 1940இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற ஆய்வாளரின் குழு அதே ஆட்களைப் பல மாதம் திரும்பத் திரும்பக் கேட்டது. பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் சொற்பம். வானொலியைவிடத் தெரிந்தவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம். நம்மூர் டீக்கடைக்கு இது புதுச் செய்தியா என்ன?

கேள்வியை மாற்றினால் பதில் மாறுமா?

மாறும். 1941இல் ரக் என்பவர் சோதித்தார். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சை "அனுமதிக்கலாமா?" என்றால் கூடாது என்றவர்கள், "தடை செய்யலாமா?" என்றால் ஆமாம் என்றவர்களைவிடக் கணிசமாக அதிகம். பலருக்குக் கேட்கும் நொடியில்தான் கருத்தே உருவாகிறது.

பிறகு ஏன் 2024 மக்களவைத் தேர்தலில் எல்லாரும் கோட்டை விட்டார்கள்?

தேசிய ஜனநாயகக் கூட்டணிக்குப் பெரும்பாலான கணிப்புகள் 350க்கு மேல் கொடுத்தன, வந்தது 293. ஓட்டு சதவீதத்தைத் தொகுதிகளாக மாற்றுவதுதான் வழுக்குப்பாறை. 2016 சட்டமன்றத் தேர்தலில் அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் வித்தியாசம். இடங்களோ 134, 98. ஒரு சதவீதத்தை எந்த சர்வேயாலும் துல்லியமாகப் பிடிக்க முடியாது. தொலைக்காட்சியில் அதைச் சொன்னால் யார் பார்ப்பார்கள்?

வாட்ஸ்அப்பில் வரும் "உங்கள் ஓட்டு யாருக்கு" லிங்க்?

பொழுது போகும். அவ்வளவுதான்.

எக்ஸிட் போலை, அதாவது ஓட்டுப் போட்டு வெளியே வருபவர்களிடம் கேட்டு எடுக்கும் கணிப்பை, ஏன் கடைசிக் கட்டம் முடியும்வரை மூடி வைக்கிறார்கள்?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவு. முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து, கடைசி வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் வரை வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.