விரலில் ஆதி தாளம்

கேள்வி: வியாசர்பாடியில் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவள் நான். அங்கே கைதட்டித்தான் பாடுவோம். கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்கு வந்தேன். மாமியார் வீட்டார் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). போன ஞாயிறு ஒரு பாட்டுக்கு என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். மாமியார் முழங்கையால் இடித்து, "இது கோயிலா, கச்சேரியா?" என்றார். ஆராதனையில் சந்தோஷத்தைக் காட்டக் கூடாதா அக்கா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்களுக்கு ஒரு இடியோடு போயிற்று. தாவீது ராஜா பெண்டாட்டியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வந்த அன்று, ஆசாரியர்கள் போடுகிற சணல்நூல் ஏபோத்து உடுப்போடு தெருவில் ஆடினார். ஜன்னல் வழியாகப் பார்த்த மீகாள், அவர் வீடு திரும்பியதும் எதிரே வந்து குத்தலாகக் கேட்டாள்.

நானும் ஒரு காலத்தில் மீகாள்தான். முப்பது வருஷம் பாடகர் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடியவள் என்ற மிதப்பு வேறு. ஒரு வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில், கைதட்டிப் பாடிய மீன்காரம்மா ஒருவரை நின்ற இடத்திலிருந்தே முறைத்தேன். சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அப்புறம் அவரை அந்தக் கோயிலில் நான் பார்க்கவேயில்லை.

47ஆம் சங்கீதம் "சகல ஜனங்களே, கைகொட்டி" என்றே தொடங்கி ஆர்ப்பரிக்கச் சொல்கிறது. 150ஆம் சங்கீதத்தில் தம்புரு, நடனம், கைத்தாளம் எல்லாம் உண்டு. ஆனால் இதை மாமியாரிடம் எடுத்து விடாதீர்கள். "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும்" என்று அவர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனத்தைத் திருப்பி விடுவார். வசனச் சண்டையில் மாமியாரை ஜெயித்த மருமகளை நான் பார்த்ததில்லை.

அதைவிட, நீங்கள் எந்தப் பாட்டுக்குத் தட்டினீர்கள்? பாமாலை என்கிற பாட்டுப் புத்தகத்தில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில, ஜெர்மன் பாட்டுகளின் மொழிபெயர்ப்பு. ஆர்கனுக்கும் நாலு குரலுக்கும் அமைந்த மெட்டு. அதில் கைதட்டினால் ஒட்டாது. கீர்த்தனை வேறு, அது நம் கர்நாடக இசையில் அமைந்த தமிழ்ப் பாட்டு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் ராகம், தாளம் வைத்தே எழுதினார்கள். புத்தகத்தில் பாட்டுக்கு மேலேயே அச்சாகியிருக்கும், பாருங்கள். தாளம் என்பதே கைதட்டுத்தானே!

என் அம்மா கோயிலில் கைதட்டி நான் பார்த்ததில்லை. தலைகூட ஆடாது. ஆனால் கீர்த்தனை ஆரம்பித்ததும் வலது கை பாட்டுப் புத்தகத்தின் அட்டைக்கு வந்துவிடும். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அப்புறம் தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. எட்டு எண்ணிக்கை, சுத்தமான ஆதி தாளம். சத்தமே வராது. அட்டையில் அந்த இடத்தில் மட்டும் சாயம் போயிருந்தது. உங்கள் மாமியாரின் விரலையும் ஒரு தடவை கவனியுங்கள்.

விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் கவனியுங்கள். உள்ளே "உஷ்" என்பவர்கள்தான் வெளியே ஒரு பூசணிக்காய்க்குத் தெரு முனை வரை கேட்கிற மாதிரி விலை கூட்டுவார்கள். அதுவும் ஆராதனை நாள்தான்!

இப்போதைக்கு கீர்த்தனைக்கு மெதுவாகத் தட்டுங்கள், பாமாலைக்கு வாயை மட்டும் திறங்கள், நற்கருணை நேரத்தில் சும்மா இருங்கள். மனசு நிறையத் தட்டவேண்டும் என்றால் மாதம் ஒரு சாயங்காலம் வியாசர்பாடிக்குப் போய் வாருங்கள். மாமியாரையும் கூப்பிடுங்கள். வரமாட்டார், ஆனாலும் கூப்பிடுங்கள்.

கேள்வி: தவக்காலத்தில் எங்கள் கோயிலில் அல்லேலூயா பாடுவதில்லையே, ஏன்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: கத்தோலிக்கத் திருவழிபாட்டில் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்புப் பெருவிழாவின் (ஈஸ்டர்) முந்தின இரவு வரை அந்தச் சொல்லுக்கு விடுமுறை. "ஆண்டவரைத் துதியுங்கள்" என்கிற சந்தோஷக் கூப்பாடு அது. நோன்புக்கு ஒத்துவராது என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் "உன்னதங்களிலே" என்கிற வானவர் கீதத்தோடு அடிக்கிற மணியும் அப்படித்தான் ஓய்ந்துபோகும். சனிக்கிழமை இரவு அதே கீதம் வரும்போது மறுபடி அடிக்கும். எங்கள் தெருவில் ஒரு பாட்டி அதற்காகவே பகலில் நன்றாகத் தூங்கி எழுந்து, இரவு பத்து மணிக்கே முன் பெஞ்சில் இடம் போட்டுவிடுவார்.