உருளைக்கிழங்கு முளைக்கும் திசை

கேள்வி: கேரளத்தில் மூணாறு பக்கத்து வட்டவடையில் பூண்டும் உருளையும் போடுகிறோம். மகனுக்கு 18 வயது. பிளஸ் டூவில் இரண்டு பாடம் போய்விட்டது, தோற்ற பாடத்தை அதே வருஷம் திரும்ப எழுதும் சே பரீட்சைக்கும் போகவில்லை. நாளெல்லாம் போனும் கையுமாக இருக்கிறான். கேட்டால் பதில் இல்லை. மூணாறில் மூன்று நாள் ஆளுமைப் பயிற்சியாம், கட்டணம் 9,000 ரூபாய். மனிதன் மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறான், மீதியைத் திறந்துவிடுவோம் என்கிறார்கள். நோட்டீசில் மாஸ்லோ என்பவரின் முக்கோணப் படம் இருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: அந்த 9,000 ரூபாய் விதைப்பூண்டுக்கு ஆகும், வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து சதவீதக் கதை பொய். மூளையில் பூட்டிக் கிடக்கும் அறை எதுவும் இல்லை. முக்கோணமும் அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோ வரைந்ததல்ல. 1943-இல் அவர் எழுதிய கட்டுரையில் பசி, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னை முழுமையாக்கிக்கொள்வது என்று ஐந்து தேவைகளைச் சொன்னார். ஒன்று முழுக்க நிறைந்த பிறகுதான் அடுத்தது என்றில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். படிக்கட்டு மாதிரிப் படம் போட்டது பின்னால் வந்தவர்கள். முழுமை அடைந்தவர்கள் என்று லிங்கன், ஐன்ஸ்டைன் போன்றோரை மாஸ்லோ தானே பொறுக்கியெடுத்து ஆராய்ந்தார். தனக்குப் பிடித்தவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்ற விமர்சனம் உண்டு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

மாஸ்லோவின் வழிக்கு மனிதநேய உளவியல் என்று பெயர்; மனிதனுக்குள் வளரும் ஆற்றல் இருக்கிறது என்று நம்புவது. இதே வழியில் வந்த உளவியலாளர்களில் உங்களுக்கு உதவக்கூடியவர் கார்ல் ராஜர்ஸ் (1902–1987). சிறுவயதில் அவர் வீட்டில் குளிர்காலத்துக்கான உருளைக்கிழங்கை நிலவறையில் போட்டுவைப்பார்கள். சின்ன ஜன்னல் ஒன்று பல அடி உயரத்தில். கிழங்குகள் அந்த இருட்டிலும் முளைவிட்டு, வெளுத்துப்போன தண்டாக இரண்டு மூன்றடி நீண்டு, ஜன்னல் பக்கமே போகுமாம். மண் இல்லை, அது செடியாகப்போவதுமில்லை, ஆனாலும் வெளிச்சத்தைத் தேடியது. மனிதனும் அப்படித்தான், வளரும் உந்துதல் உள்ளேயே இருக்கிறது. முளை கோணலாக இருந்தால் இருந்த இடத்தைப் பார் என்றார். கிழங்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் மகனின் போனை இப்படிப் பாருங்கள். அதில் அவன் தேடுவது என்ன? வண்டி ரிப்பேர் வீடியோவா, நண்பர்களின் பேச்சா, தோற்றதை மறக்க ஒரு விளையாட்டா? போனைப் பிடுங்கிப் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவன் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "பாஸான பசங்க முகத்துல முழிக்கவே கூச்சமா இருக்கு, அதானே?" தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவன் திருத்துவான். பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"மார்க் எடுத்தாத்தான் நீ என் புள்ள" என்று வாயால் சொல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டுப் பையனின் ஏ பிளஸ்களை அடிக்கடி எடுத்துப் பேசினால் அவனுக்கு அதுதான் கேட்கும். ராஜர்ஸ் நிபந்தனையற்ற ஏற்பு என்றது இதற்கு எதிரானதை. அப்படியென்றால் எதையும் கேட்கக் கூடாதா? கேட்கலாம். ஆளை ஏற்பது வேறு, அவன் செய்வதையெல்லாம் ஏற்பது வேறு. பூண்டு உரிய நேரத்தில் எடுக்க ஆள் வேண்டுமென்றால் தோட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கவலையாக இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பரீட்சைப் பேச்சை மட்டும் கொஞ்ச நாள் அவனே எடுக்கட்டும்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், எதிலும் ஆசையில்லாமல் முடங்கிக் கிடந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள். சாவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அன்றைக்கே கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.