கஸ்தூரி எருதுகள் வட்டம் கட்டி நிற்பது ஏன்?

கேள்வி: கிரீன்லாந்தில் எடுத்த ஒரு படத்தில், வடதுருவப் பகுதி விலங்குகளான கஸ்தூரி எருதுகள் (musk ox) வட்டமாக நின்று படம் எடுப்பவரையே அசையாமல் பார்க்கின்றன. இவ்வளவு சாதுவான விலங்கை அருகில் சென்று பார்க்கலாமா?

பதில்: அவை சாதுவாக நிற்கவில்லை; அஞ்சி நிற்கின்றன. ஓநாய் வந்தால் கன்றுகளை நடுவில் விட்டு, பெரியவை தோளோடு தோள் நெருங்கிக் கொம்புகளை வெளிப்பக்கம் காட்டி நிற்பது இவற்றின் வழக்கம். ஓநாயிடம் பலித்த இந்த அரண் துப்பாக்கியிடம் பலிக்கவில்லை. ஓடாமல் நின்ற மந்தைகளைச் சுடுவது வேட்டைக்காரர்களுக்கு எளிதாகப் போனதால், அலாஸ்காவில் 1920களுக்குள் இந்த இனமே அற்றுப்போயிற்று. 1930இல் கிழக்குக் கிரீன்லாந்திலிருந்து 34 விலங்குகளைக் கொண்டுவந்து, சில ஆண்டுகள் கழித்து நுனிவாக் தீவில் விட்ட பிறகுதான் அங்கே மறுபடி மந்தைகள் உண்டாயின. இந்த வரலாற்றை அறிந்தவர் எவருக்கும் அந்த வட்டத்தை வேடிக்கைக் காட்சியாகப் பார்க்க மனம் வராது.

மந்தை வட்டம் கட்டிவிட்டதென்றால், நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். இவற்றைக் காணப் பலரும் செல்லும் நார்வேயின் டோவ்ரெ மலைப்பகுதியில், குறைந்தது 200 மீட்டர் தள்ளியே நிற்கும்படி சொல்கிறார்கள். கடா தலையைத் தாழ்த்தி, கண்ணுக்குக் கீழுள்ள சுரப்பியை முன்னங்காலில் தேய்க்கத் தொடங்கினால் அது எச்சரிக்கை. மெல்லப் பின்வாங்கிவிட வேண்டும். 300 கிலோவுக்கு மேலும் எடையுள்ள அந்த உடல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் வரை பாயக்கூடியது. குளிர்காலத்தில் இன்னும் தொலைவில் நிற்பதே நியாயம். உடலில் சேர்த்த கொழுப்பையும், பனியைக் குளம்பால் கிளறி எடுக்கும் சொற்பத் தீனியையும் நம்பி அசைவைக் குறைத்து வாழும் விலங்கை, ஒரு படத்துக்காக ஓட வைப்பது கொடுமை.

மேட்டில் அமர்ந்து, தொலைநோக்கி வழியாக ஒரு மணி நேரம் பொறுமையாகப் பாருங்கள். அவை மேயும், படுத்து அசைபோடும், கன்றுகள் ஒன்றையொன்று முட்டி விளையாடும். இவற்றுள் எதுவும் அந்த வட்டத்தில் தெரியாது.

கேள்வி: இவற்றிடம் உண்மையிலேயே கஸ்தூரி உண்டா?

பதில்: இல்லை. கஸ்தூரி மானுக்கு உள்ளது போன்ற பை இவற்றுக்குக் கிடையாது. இணைசேரும் பருவத்தில் கடாக்களிடம் எழும் கடும் வாடையால் வந்த பெயர் இது. எருதும் அல்ல, ஆட்டினத்துக்கே நெருங்கிய உறவு. வடதுருவப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் ‘உமிங்மாக்’, அதாவது தாடியுள்ளது, என்கிறார்கள்; அதுவே பொருத்தமான பெயர். கோடைத் தொடக்கத்தில் உதிரும் இதன் உள்மயிர், குட்டை வில்லோச் செடிகளில் பழுப்புப் பஞ்சாகச் சிக்கிக் கிடக்கும். ஆட்டுக் கம்பளியைவிடப் பன்மடங்கு வெப்பம் காக்கும் அந்தப் பஞ்சை, விலங்கு நகர்ந்து போன பிறகு தாராளமாக அருகில் சென்று பார்க்கலாம்.