இசை வகைகளைக் கலந்து மரபை மீறிய கலைஞர்களில் உங்களை மிகவும் பாதித்தவர் யார், ஏன்?

ஒருவரை மட்டும் சொல்ல முடியவில்லை. எனக்கு அது ஒரு குழு: சக்தி. ஜான் மெக்லாஃப்லின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். 1975 ஜூலையில் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில், ஒரு கல்லூரியில் வாசித்த கச்சேரிதான் இவர்களுடைய முதல் ஆல்பம். அதில் ராம்நாட் ராகவனின் மிருதங்கமும் உண்டு. மொத்தம் மூன்றே உருப்படி. 'ஜாய்' மட்டுமே பதினெட்டு நிமிடம் ஓடும்.

கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் போட்டுக் காட்டியபோது எனக்கு வேகம் மட்டும்தான் காதில் விழுந்தது. இவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, பக்கத்து வீட்டு வீணை மாமியால்.

நான் அப்போது கிடார் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாமி தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை வீணையில் காட்டினார். விரல் மெட்டை (தந்திக்குக் கீழே குறுக்காக நிற்கும் கம்பியை) விட்டு நகரவே இல்லை. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து விட, ஸ்வரம் ஊஞ்சல் மாதிரி ஆடியது. வீட்டுக்கு வந்து கிடாரில் முயன்றேன். கொஞ்ச தூரம் இழுத்ததுமே விரல் மரத்தில் தேய்ந்து நின்றுவிட்டது. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்கும், தந்திக்குக் கீழே வெற்றிடம்தான். கிடாரில் மெட்டுக்கு மெட்டு நடுவே மரப்பலகை தட்டும். ஸ்வரத்தை ஆட்டும் கமகம் வராததற்கு என் விரல் மட்டும் காரணமில்லை.

மெக்லாஃப்லின் இந்த இடத்தில்தான் கை வைத்தார். கிப்சன் நிறுவனத்தில் ஏப் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்கென்றே ஒரு கிடார் செய்தார். அதில் மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கி எடுத்திருந்தார்கள். விரலுக்கு அடியில் பலகை இல்லாததால் தந்தியை வேண்டிய அளவு இழுக்கலாம். போதாததற்கு ஒலித்துளைக்குக் குறுக்கே ஏழு தந்திகள், வீணையின் தாளத் தந்தி போலத் தட்டிவிட. யோசித்துப் பாருங்கள், அவர் அப்போது மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவின் எலெக்ட்ரிக் கிடாருக்காக உலகப் புகழில் இருந்தவர். அப்படி இருந்தும் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை கற்றார். அப்புறம்தான் அந்தச் சத்தத்தை எல்லாம் விட்டுவிட்டு, மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இந்தக் கிடாரைத் தொட்டார். வீணை வகுப்பில் உட்காராத ஒருவருக்குக் கிடாரில் எங்கே மரத்தைச் செதுக்க வேண்டும் என்று தெரிந்திருக்காது என்பது என் திடமான எண்ணம்.

மரபை மீறியவர் அவர் மட்டுமில்லை. நம் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கம் வழி விட்டால்தான் அதற்கு வாசிப்பு. சக்தியின் இரண்டாவது ஆல்பத்தில் தனியாக மிருதங்கக் கலைஞரே கிடையாது. டிரம்ஸும் இல்லை, பேஸ் கிடாரும் இல்லை. தபலாவுக்குச் சமமாக விக்கு அவர்களின் மண்பானை. கடத்தின் வாயை வயிற்றோடு சேர்த்து அழுத்தி அவர் எழுப்பும் கும்கி என்ற கனத்த ஓசையே பேஸின் வேலையைச் செய்தது. பானை அந்த இடத்துக்கு வந்ததை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும்.

எழுபதுகளின் முடிவில் குழு கலைந்தது. இருபது வருடம் கழித்து 'ரிமெம்பர் சக்தி' என்று திரும்பி வந்தது. பிறகு அதில் கஞ்சிராவோடு விக்குவின் மகன் செல்வகணேஷும் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும் சேர்ந்தார்கள். ஸ்ரீநிவாஸைப் பற்றித் தனிப் பதிலே எழுதலாம். மாண்டலினில் தந்திகள் நான்கு ஜோடியாக இருக்கும். ஜோடியை இழுத்தால் இரண்டும் ஒரே சுருதியில் நிற்காது. அவர் ஜோடிகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைத் தந்தி கட்டி, எலெக்ட்ரிக் மாண்டலினில் வாசித்தார். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதைக் கருவியில் கொண்டுவருவான். பாட்டையே கேட்டு வளர்ந்த கை என்பதால்தானோ என்னவோ, அவர் மாண்டலின் பாடும். 2014இல் 45 வயதில் போய்விட்டார். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. 2024இல் சக்திக்கு கிராமி கிடைத்தபோது முதலில் அவரைத்தான் நினைத்தேன். அதே வருடம் டிசம்பரில் ஜாகிர் உசேனும் போனார்.

பெயருக்கு இரண்டு பாணிகளை அடுத்தடுத்து ஒட்டி 'ஃப்யூஷன்' என்று விற்பவை நிறைய இருக்கின்றன. எட்டு நிமிடம் ராகம், பின்னாலேயே ஒரு கிடார் துண்டு, கைதட்டல். எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை.

சக்தியை இதுவரை கேட்டதில்லை என்றால், 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' ஆல்பத்தின் முதல் உருப்படியில் தொடங்குங்கள். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலோடுதான் ஆரம்பிக்கும். நல்ல ஹெட்போனில் கேளுங்கள். கடத்தின் கும்கி போன் ஸ்பீக்கரில் சரியாகக் கேட்காது.